முதலாமாண்டு பொறியியல் மாணவருக்கு எந்த உதவி முதலில்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

முதலாமாண்டுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "முதல் செமஸ்டரில் கணிதத்திலும் மெக்கானிக்ஸிலும் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஏதாவது செய்யுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தலாமா, மென்டர் போடலாமா, சீனியர்களை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா? எல்லாவற்றையும் செய்ய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஒன்றைத்தான் எடுக்க முடியும்."

நான் பல வருடங்களாக முதலாமாண்டுக்கு மெக்கானிக்ஸ், அதாவது விசையும் இயக்கமும் பற்றிய பாடம், எடுப்பவன். கீழே வரும் ஐந்து வழிகளில் நான்கில் நானே இறங்கி வேலை செய்திருக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் தானாகத் தேடி வந்தால்தான் கிடைக்கும் என்ற உதவியைவிட, அவர் எப்படியும் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குள் வந்து சேரும் உதவியைத்தான் நான் முதலில் எடுப்பேன். அது பொருந்தாத இடங்களும் உண்டு. அவற்றையும் பார்ப்போம்.

## தேர்ந்தெடுக்கும் முன்: தடுமாற்றம் எங்கே இருக்கிறது?

"பேஸிக் சரியில்லை" என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, உண்மையிலேயே பள்ளிக் கணிதத்தில் ஓட்டை. ஒரு சூத்திரத்தை இடம் மாற்றி எழுதத் தெரியாது, மடக்கை என்றால் பயம், அலகு மாற்றுவதில் பிழை. இரண்டாவது, படிக்கும் பழக்கம். பள்ளியில் பார்த்த கணக்கே தேர்வில் வந்தது. இங்கே பார்க்காத கணக்கு வருகிறது. மூன்றாவது, புது இடம். கேள்வி கேட்க ஆள் தெரியாது, பாடம் நடக்கும் மொழி பழகவில்லை, பக்கத்தில் இருப்பவனுக்கு எல்லாம் புரிவது போலவும் தனக்கு மட்டும் புரியாதது போலவும் ஓர் எண்ணம்.

இரண்டாவது வகையை மதிப்பெண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சாய்தளத்தில் ஒரு கட்டை நிற்கிறது, தளத்தின் திசையில் எடையின் கூறு என்ன என்று கேட்டால் எல்லோரும் எடையை சைனால் பெருக்கி எழுதிவிடுவார்கள். ஒருமுறை கோணத்தைத் தரையிலிருந்து அளக்காமல் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்து கொடுத்தேன். அப்போது கொசைன்தான் வர வேண்டும். நல்ல மதிப்பெண்ணோடு உள்ளே வந்தவர்களும் சைன் என்றே எழுதியிருந்தார்கள். இவர்களுக்குப் பள்ளிப் பாடத்தை மறுபடி நடத்துவதால் எதுவும் மாறாது. சைன் எது, கொசைன் எது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். படத்தைப் பார்த்து யோசிப்பதுதான் பழகவில்லை.

ஆகவே எதையும் முடிவு செய்யும் முன், முதல் வாரத்தில் மதிப்பெண்ணே இல்லாத ஒரு சின்னத் தேர்வு வையுங்கள். இருபது கேள்வி போதும். பாதி பள்ளிக் கணிதம், பாதி இப்படித் திருப்பிப்போட்ட கேள்விகள். எந்தப் பாதியில் விழுகிறார்கள் என்று பாருங்கள்.

## எதை வைத்து அளப்பது

நான் ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் பார்க்கிறேன்.

- யாரைப் போய்ச் சேருகிறது? மிகவும் தேவைப்படுபவரையா, ஏற்கெனவே நன்றாகப் படிப்பவரையா?
- எப்போது சேருகிறது? முதல் இன்டர்னலுக்கு முன்பா, அரியர் விழுந்த பிறகா?
- யாருடைய நேரத்தை எடுக்கிறது? பணச் செலவு கணக்கில் வந்துவிடும். ஆசிரியரின் மாலை நேரம் எந்தக் கணக்கிலும் வராது.
- ஆள் மாறினால் நிற்குமா? ஆர்வமுள்ள ஒருவர் விலகியதும் கலைந்துபோன ஏற்பாடுகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

## 1. பிரிட்ஜ் கோர்ஸ்

வகுப்பு தொடங்கும் முன்போ தொடங்கியவுடனோ இரண்டு மூன்று வாரம் பள்ளிக் கணிதத்தையும் இயற்பியலையும் தூசிதட்டுவது. எல்லோரையும் சேர்க்கும், சீக்கிரமாகவும் சேர்க்கும். அந்த இரண்டு அளவுகோலிலும் இதற்கு நல்ல மதிப்பெண்தான்.

சிக்கல் இரண்டு இடத்தில். முதலாவது, கடைசி நேரத்தில் இடம் கிடைத்துத் தாமதமாக வருபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். தேவை அதிகமுள்ள பலர் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். இரண்டாவது, பள்ளியில் இரண்டு வருடம் நடத்தியதை இரண்டு வாரத்தில் ஓட்டப் பார்க்கிறோம். ஜூலையில் கேட்ட வகைக்கெழு அக்டோபரில் மெக்கானிக்ஸில் தேவைப்படும்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

வெளியே தெரியாத செலவும் உண்டு. இந்த வாரங்கள் செமஸ்டரிலிருந்துதான் போகின்றன. பிறகு பாடத்தை வேகமாக ஓட்டி அந்த நாட்களை ஈடுகட்டுகிறோம். உதவி செய்ய நினைத்தவர்களையே அது இன்னொரு பக்கம் நசுக்குகிறது. தேர்வு வைத்து "வீக்" என்று பிரித்து உட்கார வைத்தால், அந்தப் பெயர் ஒரு வருடத்துக்குப் போகாது.

இதே எண்ணத்தை நல்லவிதமாகச் செய்த ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2004-ல் தொடங்கிய பொறியியல் கணிதப் பாடம் அது. முதல் சில பொறியியல் பாடங்களுக்கு உண்மையில் என்னென்ன கணிதம் வேண்டுமோ அதை மட்டும் எடுத்து, பொறியியல் ஆசிரியர்களே லேபோடு சேர்த்து நடத்தினார்கள். இரண்டு மூட்டுள்ள ரோபோ கையை வைத்து முக்கோணவியல், மின்சுற்றை வைத்துக் கலப்பெண் என்று போகும். முழு நுண்கணிதத்தையும் முடித்தால்தான் அடுத்த பொறியியல் பாடம் என்ற நிபந்தனையையும் தளர்த்தினார்கள். பாடத்திட்டத்தை நீங்களே வகுக்க முடியும் என்றால் இரண்டு வார பிரிட்ஜ் கோர்ஸைவிட இது பல மடங்கு மேல். மேலிடத்திலிருந்து பாடத்திட்டம் வரும் கல்லூரியில் இதைச் செய்வது கடினம்.

எப்போது இது சரி: உங்கள் இருபது கேள்வித் தேர்வில் பெரும்பாலோர் ஒரே நான்கைந்து பள்ளித் தலைப்புகளில் விழுந்திருந்தால். அப்போதும் அந்த நான்கைந்தை மட்டும் நடத்துங்கள்.

## 2. வகுப்பு நேரத்தையே மாற்றுவது

என் ஓட்டு இதற்குத்தான். அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

ஹார்வர்டில் இயற்பியல் எடுத்த எரிக் மேசூர், தன் மாணவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். பிறகு விசை பற்றிய அடிப்படைப் புரிதலைச் சோதிக்கும் எளிய கேள்விகளை அவர்களுக்குக் கொடுத்தார். பெரிய லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டாராம். அந்தக் கேள்விதான் அவரை மாற்றியது. 1990களின் தொடக்கத்தில் அவர் வகுப்பை வேறுமாதிரி நடத்த ஆரம்பித்தார்.

முறை எளிது. பத்துப் பதினைந்து நிமிடம் பாடம். அப்புறம் கணக்கீடு தேவைப்படாத, யோசிக்க வைக்கும் ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொல்லி மறுபடி விடை கேட்பது. அதற்குக் கீழே இருந்தால் பாடத்தையே திரும்ப விளக்குவது. மேலே இருந்தால் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்வது. கருவி எதுவும் வேண்டாம்; நெஞ்சோடு ஒட்டி விரல்களைக் காட்டச் சொன்னால் போதும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

அந்தச் சாய்தளக் கேள்வியை அடுத்த வருடம் வகுப்பில் இப்படிக் கேட்டேன். பாதிக்கும் குறைவான கைகள்தான் சரியான விடையில் இருந்தன. பேசச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், நோட்டைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் அழிப்பானை வைத்துத் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நோட்டை நிமிர்த்திக்கிட்டே போ. நேரா நின்னுடுச்சுன்னா அழிப்பான் அப்படியே கீழே விழும். முழு எடையும் இழுக்குது. ஆனா இப்போ நம்ம கோணம் பூஜ்யம்டீ. சைன் பூஜ்யம் எவ்வளவு?" தோழி ஒரு நொடி யோசித்துவிட்டுத் தன் விடையை அடித்து எழுதினாள். நான் போர்டில் பத்து வருடமாகக் கூறுகளாகப் பிரித்துக் காட்டியும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்ததில்லை. இப்போது நானும் நோட்டைச் சாய்த்துத்தான் காட்டுகிறேன்.

இது ஒரு வகுப்பின் கதை மட்டும் இல்லை. ஸ்காட் ஃப்ரீமனும் சக ஆய்வாளர்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியிட்டார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர் ஏதாவது செய்துகொண்டிருந்த வகுப்புகளில் 21.8 சதவீதம். நூறு பேருக்குப் பன்னிரண்டு பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி இதன் மறைமுகச் செலவு. நல்ல கேள்வி எழுதுவது கடினம். தவறான விடைகளும் மாணவருக்கு நியாயமாகத் தோன்ற வேண்டும். எனக்குத் தொடக்கத்தில் ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதல் முறை பாடத்திட்டத்தை முடிக்கத் திணறுவீர்கள். சிலவற்றை வீட்டில் படிக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாணவர் புகாரும் வரும். "சார் நடத்தவே மாட்டேங்கிறார், எங்களையே பேசச் சொல்றார்." இதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். 2019-ல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வு இதையே காட்டியது. தாங்களே யோசித்து விவாதிக்க வேண்டியிருந்த வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். யோசிக்க வைத்தால் புரியாதது வெளியே தெரியும், அது வலிக்கும். இதை முதல் வாரத்திலேயே மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நிர்வாகத்திடமும் சொல்லுங்கள், ஏனென்றால் செமஸ்டர் முடிவில் உங்கள்மேல் வரும் மாணவர் மதிப்பீடு குறையக்கூடும்.

எப்போது இது சரி: மாணவர் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறார்கள், ஆசிரியரும் இரண்டு செமஸ்டராவது அதே பாடத்தை எடுப்பார் என்றால். ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஆசிரியரை மாற்றும் துறையில், கேள்விகளைத் துறையின் பொதுச் சொத்தாகச் சேர்த்து வைக்காவிட்டால் இது நிற்காது.

## 3. சீனியர்கள் நடத்தும் படிப்புக் குழு

1973-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய முறை இதன் நல்ல வடிவம். அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்று: "பின்தங்கிய மாணவருக்கு" என்று சொல்லாமல், "கடினமான பாடத்துக்கு" என்று அறிவித்தார். யார் வேண்டுமானாலும் வரலாம், அதனால் வருபவர்மேல் முத்திரை விழாது. அந்தப் பாடத்தை ஏற்கெனவே நன்றாக முடித்த சீனியர், ஜூனியர்களோடு மறுபடி வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். வாரம் சில முறை குழுவை நடத்துவார். பாடத்தைத் திரும்ப நடத்த மாட்டார். அவர்களைப் பேச வைப்பார்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவர் யூரி ட்ரெய்ஸ்மன். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நுண்கணிதம் படித்த மாணவர்களைக் கூடவே இருந்து கவனித்தார். தோற்றவர்களில் பலர் நல்ல உழைப்பாளிகள், ஆனால் தனியாகவே படித்தார்கள். ஜெயித்தவர்கள் ஒருவர் கணக்கை ஒருவர் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். அவர் அமைத்த குழுக்களில் சுலபமான கணக்கு கொடுக்கவில்லை, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளையே கொடுத்தார். உதவி என்றால் எளிதாக்குவது என்று நினைக்கும் நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மறைமுகச் செலவு பயிற்சியில் இருக்கிறது. பயிற்சி கொடுக்காவிட்டால் சீனியர் டியூஷன் எடுக்க ஆரம்பித்துவிடுவார். அவர் எழுதுவார், மற்றவர்கள் காப்பி செய்வார்கள். பதினைந்து பேருக்கு ஒருவர் என்றால் அறுபது பேருக்கு நால்வர் வேண்டும், அவர்களை வாரம் ஒருமுறை ஆசிரியர் சந்திக்க வேண்டும். சீனியரின் உழைப்புக்கு ஊதியமோ கிரெடிட்டோ கொடுக்காமல் "சேவை" என்று சொல்லி வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. நடைமுறையிலும் அது அவருடைய தேர்வு வரும் வாரத்தில் நின்றுபோகும்.

இன்னொன்று, வந்தவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்பதை மட்டும் வைத்து வெற்றி என்று சொல்ல முடியாது. தானாக வருபவர் வராமலேயே நன்றாக எழுதக்கூடியவராக இருக்கலாம். இதற்கு எனக்குத் தெரிந்த தீர்வு, குழுவை டைம்டேபிளுக்குள் கொண்டுவருவதுதான். டுடோரியல் என்று ஏற்கெனவே ஒரு மணி நேரம் இருந்தால் அதையே இதற்குக் கொடுங்கள்.

எப்போது இது சரி: ஆசிரியர் எண்ணிக்கை குறைவு, நல்ல சீனியர்கள் நிறைய என்றால். பாடம் நடக்கும் மொழி பழகாதவர்கள் அதிகம் என்றாலும் இதுதான் சரி. ஆசிரியரிடம் திக்கும் கேள்வி சீனியரிடம் தன் மொழியில் தடையில்லாமல் வரும்.

## 4. கணித உதவி மையம்

ஓர் அறை, அதில் சில மணி நேரம் யாராவது இருப்பார்கள், சந்தேகம் உள்ளவர் போய்க் கேட்கலாம். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1996-லிருந்து இப்படி ஒரு மையம் நடக்கிறது.

ஆள் மாறினாலும் நிற்கும் என்பது இதன் பலம். ஆனால் முதல் அளவுகோலில் தோற்றுவிடுகிறது. என்ன புரியவில்லை என்று சொல்லத் தெரிந்தவர்தான் அந்தக் கதவைத் தட்டுவார். மற்றவர்கள் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மொத்தமாக வருவார்கள். அதுவரை அறை காலியாக இருக்கும். காலி அறையைப் பார்த்து நிர்வாகம் ஆளைக் குறைக்கும்.

எப்போது இது சரி: பல துறைகள் செலவைப் பகிர்ந்துகொள்ளும் பெரிய வளாகத்தில், அதுவும் வகுப்பு ஆசிரியர் "இந்தக் கணக்கோடு வியாழக்கிழமை அங்கே போ" என்று பெயர் சொல்லி அனுப்பும்போது.

## 5. மென்டர்

ஒரு ஆசிரியருக்கு இருபது மாணவர்; அவர்களைத் தனித்தனியே சந்தித்து, என்ன சிக்கல் என்று கேட்டு வழிகாட்டுவது அவர் பொறுப்பு. மாணவர் படிப்பை விட்டு விலகுவது பற்றி அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-ல் எழுதியதிலிருந்து ஒன்று தெளிவு: மதிப்பெண் மட்டும் காரணமில்லை, அந்த இடத்தோடும் மனிதர்களோடும் ஒட்டாமல் போவதும் காரணம். மூன்றாவது வகைத் தடுமாற்றத்தைத் தொடுவது இந்த ஐந்தில் பெரும்பாலும் இது ஒன்றுதான். பண நெருக்கடி, தூக்கமில்லாமை, விருப்பமில்லாத பிரிவில் சேர்ந்த வருத்தம் எல்லாம் இங்கேதான் வெளியே வரும்.

இருபது பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், மாதம் ஒருமுறை என்றால் ஐந்து மணி நேரம். இதைப் பணிச்சுமையில் சேர்க்காவிட்டால் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும். அதைவிட முக்கியம், ஒரு மாணவி மென்டரிடம் மனம் உடைந்து பேசினால் அடுத்து யாரிடம் அனுப்புவது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆலோசகர் இல்லாத இடத்தில் மென்டர் திட்டத்தை மட்டும் தொடங்குவது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

எப்போது இது சரி: மதிப்பெண் குறைவதற்கு முன்பே வருகை குறைகிறது என்றால்.

## ஒரே பார்வையில்

| வழி | தேவைப்படுபவரைச் சேருமா | எப்போது | பெரிய மறைமுகச் செலவு | ஆள் மாறினால் |
|---|---|---|---|---|
| பிரிட்ஜ் கோர்ஸ் | தாமதமாக வருபவர் தவிர எல்லோரையும் | மிகச் சீக்கிரம் | செமஸ்டர் வாரங்கள் | நிற்கும் |
| வகுப்பு மாற்றம் | வகுப்புக்கு வரும் எல்லோரையும் | முதல் நாளிலிருந்து | கேள்வி தயாரிப்பு, மாணவர் அதிருப்தி | கேள்விகள் சேமிக்கப்பட்டால் |
| சீனியர் குழு | டைம்டேபிளில் இருந்தால் | இரண்டாவது வாரத்திலிருந்து | பயிற்சி, வாராந்தரச் சந்திப்பு | ஒருங்கிணைப்பாளர் இருந்தால் |
| உதவி மையம் | அரிதாக | பெரும்பாலும் தாமதமாக | காலியாகக் கிடக்கும் மணி நேரம் | நிற்கும் |
| மென்டர் | மனதாலும் சூழலாலும் தடுமாறுபவரை | மென்டரைப் பொறுத்து | கணக்கில் வராத ஆசிரியர் நேரம் | பெரும்பாலும் படிவமாகிவிடும் |

## ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால்

இரண்டாவதை எடுங்கள், ஒரே ஒரு பாடத்தில், இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து. தனியாகச் செய்தால் புகார் வரும் வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். இரண்டை எடுக்க முடிந்தால் அதோடு டுடோரியல் நேரத்தில் சீனியர் குழு. பள்ளிக் கணிதத்தில் பெரிய ஓட்டை தெரிந்தால் மட்டும் சின்ன பிரிட்ஜ் கோர்ஸை முன்னால் வையுங்கள். உதவி மையம் ஏற்கெனவே இருந்தால் மூட வேண்டாம், புதிதாகத் தொடங்குவதை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

சரி, செமஸ்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, எதையும் மாற்ற முடியாது என்கிறீர்களா? மூன்றாவது வாரத்தில் இருபது நிமிடத்துக்கு நான்கு கணக்கு வையுங்கள். இன்டர்னலில் சேர்க்க வேண்டாம். அறுபது பேப்பர், பேப்பருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேர வேலை. அந்த வாரமே திருத்திக் கொடுங்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பும் பேப்பரை மதிப்பெண்ணுக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை.

பேப்பர் கொடுக்கும்போது சொல்லும் வார்த்தையில் கவனம் வேண்டும். முன்பெல்லாம் "மார்க் ரொம்பக் குறைவு, வந்து என்னைப் பார்" என்று எழுதுவேன். யாரும் வந்ததில்லை. ஒரு வருடம் மாற்றி எழுதினேன்: "மூன்றாவது கணக்கில் இரண்டாவது வரி வரைக்கும் சரியாகத்தான் வந்திருக்கிறாய். அடுத்த வரியில் என்ன நினைத்தாய் என்று தெரிந்துகொள்ள ஆசை. நாளைக்கு மதியம் பத்து நிமிடம் வாம்மா." மறுநாள் அந்தப் பெண் வந்தாள், கூடவே அதே வரியில் தவறிய இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு.